பெரிய டயர் போட்ட ஜீப் ஏன் இழுக்கவில்லை: ஆக்ஸில் பல் கணக்கு, அறிகுறி வாரியாக

31 அங்குல டயர் மாட்டிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பெங்களூருக்குப் பக்கத்து நந்தி மலையின் கடைசி வளைவுகளில் என் பழைய ஜீப் மூன்றாம் கியரில் திணறி, இரண்டுக்கு இறங்கி, அதிலும் மூச்சு வாங்கி, பின்னால் வந்த ஒரு மாருதி 800-க்கு ஓரம் கட்டி வழிவிட்டது. முந்தைய மாதம் வரை அதே ஏற்றத்தை மூன்றாம் கியரிலேயே ஏறிய வண்டி. எஞ்சினில் யாரும் கை வைக்கவில்லை. மாறியது டயர் மட்டும்தான்.

அப்புறம் பட்டறை பட்டறையாக அலைந்தேன். ஓரிடத்தில் கிளட்ச் பிளேட் மாற்றினார்கள்; ஆறே மாதத்தில் அதுவும் கருகியது. இன்னோரிடத்தில் டீசல் பம்பைக் கழற்றிச் சரிபார்த்து, ஒன்றும் இல்லை என்று திருப்பி மாட்டினார்கள். கடைசியில் வில்சன் கார்டன் பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் தங்கவயல்காரர் ஒருவரிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒரு சாக்பீஸ் கேட்டார். "கிளட்ச் என்ன பாவம் பண்ணுச்சு தம்பி? பல்லை எண்ணிப் பாத்தியா?" என்றார். நான் எண்ணவில்லை. அவருக்கு முன் பார்த்தவர்களும் எண்ணவில்லை.

அன்று தெரிந்துகொண்டதையும், பிறகு நண்பர்களின் மஹிந்திரா தார், மாருதி ஜிப்ஸி, ஜிம்னிகளோடு மல்லுக்கட்டியதில் தெரிந்ததையும் இங்கே எழுதுகிறேன். கோளாறுகள் இரண்டு ஜாதி. ஒன்று விகிதக் கோளாறு: பல் எண்ணிக்கை டயருக்குப் பொருந்தவில்லை. இது இழுவையிலும் ஆர்.பி.எம்.மிலும் (நிமிடத்துக்கு எஞ்சின் எத்தனை சுற்று) தெரியும், சத்தம் போடாது. இன்னொன்று பொருத்தக் கோளாறு: எண்ணிக்கை சரி, உள்ளே பூட்டிய விதம் தப்பு. இது ஊளையிடும், சுடும், எண்ணெய் கக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் காசுதான் போகும்.

கணக்கு, சுருக்கமாக

ஆக்ஸில், அதாவது இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் அச்சின் நடுவே உள்ள குண்டு ஹவுசிங்குக்குள் பெரிய கிரவுன் சக்கரம் ஒன்று, அதைச் சுற்றவைக்கும் சின்னப் பினியன் ஒன்று. கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவது விகிதம். 39-ஐ 8-ஆல் வகுத்தால் 4.875; பேச்சில் 4.88. இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் எம்.பி. ஜீப்பில் இருந்தது இதுதான். போர் முடிந்து அதே எஞ்சினோடு சி.ஜே.-2ஏ வந்தபோது உழவு வேலையை மனதில் வைத்து 5.38-க்கு மாற்றினார்கள், அது 43-க்கு 8.

எண் பெரிதானால் இழுவை கூடும், ஓட்டம் குறையும். ஆனால் பேச்சு வழக்கில் எண் பெரிய கியருக்குத்தான் 'லோ' என்று பெயர். ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடையில் "ஹையா லோவா?" என்று கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். "43-க்கு 8" என்று பல் கணக்கைச் சொல்லுங்கள்.

டயரும் ஒரு கியர்தான். என் ஜீப்பில் முன்பு இருந்தது 215/75 ஆர் 15. 215-இல் 75 சதவீதம் 161.25 மி.மீ.; அதுதான் டயரின் பக்கச் சுவர் உயரம். மேலும் கீழுமாக இரண்டு மடங்கு, அதோடு ரிம்மின் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. கூட்டினால் விட்டம் சுமார் 704 மி.மீ. புதிதாகப் போட்டது 31 அங்குலம், 787 மி.மீ. பன்னிரண்டு சதவீதம் கூடுதல். அந்த அளவுக்கு 4.88 மெலிந்து 4.36 போல வேலை செய்யும். நந்தி மலையில் நடந்தது இவ்வளவுதான்.

பழைய சுறுசுறுப்பு திரும்ப வேண்டுமானால், பழைய விகிதத்தைப் புது விட்டத்தால் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுக்க வேண்டும். 4.875 × 787 ÷ 704 என்றால் கிட்டத்தட்ட 5.45. அப்படி ஒரு பல் கணக்கு கடையில் கிடைக்காது. பக்கத்தில் இருப்பது 5.38. ஒன்றரை சதவீத வித்தியாசம், அது காலுக்குத் தெரியாது. பெட்டியில் அச்சடித்த விட்டத்தை விட வண்டியின் எடையில் டயர் கொஞ்சம் தாழ்ந்து உருளும் என்பதால், டயரில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் நீளத்தை அளந்து கணக்குப் போடுவது இன்னும் நம்பகமானது. பழைய டயரை விற்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். நான் செய்யவில்லை.

இன்னொரு விஷயம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று சென்னையை விட ஏறத்தாழ எட்டு, ஒன்பது சதவீதம் மெல்லியது. டர்போ இல்லாத பழைய எஞ்சின் அந்த அளவுக்குச் சக்தி குறைந்துதான் ஓடும். சென்னை நண்பர் "எனக்கு இந்த டயரோட பழைய கியரே போதும்டா" என்றால் அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு விகிதத்துக்கு நடுவே தடுமாறினால், இங்கே இருப்பவர் பெரிய எண்ணை எடுப்பதே சரி என்பது என் கருத்து. டர்போ வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

எந்த அறிகுறியானாலும், முதலில் எண்ணுங்கள்

பழைய வண்டியில் என்ன விகிதம் இருக்கிறது என்பதைக் கையேடு சொல்லாது, விற்றவர் சொல்ல மாட்டார். முப்பது வருடத்தில் எத்தனை கை மாறியிருக்கும்! சிவாஜிநகர் குஜரியில் (பழைய இரும்புச் சந்தையில்) கிடைத்த ஆக்ஸிலை யாராவது மாட்டியிருக்கலாம். ஹவுசிங்கைத் திறக்காமலே எண்ணலாம்.

சமதரையில் நிறுத்தி, தரையிலேயே இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பல பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டியான ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையே பிடிக்கும். அதை விட்டால்தான் ஷாஃப்ட் சுற்றும். ஆகவே கட்டை வைக்காமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரில் ஒரு கோடு, ஷாஃப்டில் ஒரு கோடு. ஒருவர் சக்கரத்தை இருபது சுற்று சுற்ற, இன்னொருவர் ஷாஃப்டின் சுற்றை எண்ண வேண்டும். மற்ற சக்கரம் தரையில் நிற்பதால் இருபது சுற்றுக்குக் கிரவுன் பத்துச் சுற்றுதான் சுற்றும். எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் விகிதம். இரண்டு பக்கச் சக்கரங்களையும் தனித்தனி வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் லாக் ஆகும் வகை என்றால் இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சேர்த்துப் பத்துச் சுற்று. முன் ஆக்ஸிலுக்கு, சக்கரத்தை ஆக்ஸில் ஷாஃப்டோடு பூட்டும் ஹப்பை லாக் செய்துவிட்டு, லீவரை டூ வீலில் வைத்து, இதையே செய்யுங்கள்.

அன்று நான் சக்கரத்தைச் சுற்றினேன், அந்தத் தங்கவயல் அண்ணன் எண்ணினார். பின்னால் நாற்பத்தெட்டே முக்கால். அதாவது 4.875. சரி, எதிர்பார்த்ததுதான். முன்னால் தமிழில் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தவர் நாற்பதைத் தாண்டும்போது கன்னடத்துக்கு மாறியிருந்தார். "ஐவத்தெரடு, ஐவத்மூரு…" என்று சொல்லி நிறுத்தி, ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு நின்ற இடத்தை விரலால் தொட்டு, "முக்கால்" என்றார். 53¾. முன் ஆக்ஸில் 5.38, பின் ஆக்ஸில் 4.88. முன்பு வைத்திருந்தவர் ஏதோ ஒரு காலத்தில் முன் ஆக்ஸிலை மாற்றிவிட்டு, ஃபோர் வீலே போடாமல் ஓட்டி என்னிடம் விற்றிருக்கிறார். ஹப் லாக் ஆகாதவரை அது யாருக்கும் தெரியாது.

அறிகுறி: டாப் கியரில் நிற்கவில்லை, லேசான ஏற்றத்துக்கே கியர் இறக்க வேண்டியிருக்கிறது

விகிதம் மெலிந்ததன் முதல் அடையாளம். உறுதி செய்ய, டாப் கியரில் 80 கி.மீ. வேகத்தில் ஆர்.பி.எம். எவ்வளவு என்று பாருங்கள். டாப் நேரடியாக ஒன்றுக்கு ஒன்றாக இருக்கும் நான்கு கியர் ஜீப்பில், 704 மி.மீ. டயரும் 4.88-உம் இருந்தால் சுமார் 2,940. 31 அங்குலம் போட்டதும் அது 2,630-க்கு இறங்கும். அந்த முந்நூறு சுற்று போனதில்தான் எஞ்சின் தன் இழுவை இருக்கும் இடத்தை விட்டுக் கீழே விழுகிறது. 5.38 போட்டால் 2,900-க்கு ஏறிவிடும்.

டேக்கோமீட்டர் இல்லாத வண்டியில் வேறு வழி. ஓசூர் ரோட்டில் டாப் கியரில் ஓட்டும்போது வேகம் ஏறாமல் நின்று, மூன்றாம் கியருக்கு இறக்கியதும் உற்சாகமாக ஓடினால் எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாம் கியரிலும் அதே மந்தம், பின்னால் கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர், டீசல், பம்பு என்று போங்கள், ஆக்ஸிலைத் திறக்காதீர்கள்.

புதிய ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இது வேறு முகத்தோடு வரும். சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போதே கியர் மேலும் கீழும் தாவிக்கொண்டிருக்கும். இப்போது வரும் தாரில் 255/65 ஆர் 18 இருக்கிறது, விட்டம் 789 மி.மீ. அதற்குப் பதில் 285/70 ஆர் 17 போடுகிறவர்கள் உண்டு, அது 831. ஐந்து சதவீதம்தான். அந்த எஞ்சினுக்கு ஐந்து சதவீதம் பெரிய விஷயமில்லை, அதற்காக ஆக்ஸிலைப் பிரிக்க மாட்டேன். டயரின் எடை கூடியதால் வரும் மந்தத்தையும் விகிதத்தின் மேல் போடக் கூடாது. கனமான டயர் கிளம்பும்போது மட்டும் சுணங்கும், ஓடத் தொடங்கிய பின் டாப் கியரில் நின்றுவிடும். என் அனுபவத்தில் எட்டு சதவீதத்துக்கு மேல் போனால்தான் பல்லைப் பற்றி யோசிக்க வேண்டும். ஜிம்னி மாதிரி சின்ன எஞ்சினுக்கு ஐந்திலேயே யோசிக்கலாம்: 195/80 ஆர் 15-இலிருந்து 235/75 ஆர் 15-க்குப் போனால் 693-இலிருந்து 734 மி.மீ., கிட்டத்தட்ட ஆறு சதவீதம், அது காலுக்குத் தெரியும்.

அறிகுறி: நெரிசலில் கிளட்ச் கருகும் வாசனை

மேலே சொன்னதன் தம்பி. சில்க் போர்டில் ஊர்ந்து போகும்போது முதல் கியரே ஓட்டம் அதிகமாக இருப்பதால், கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டுகிறோம். பிளேட் மாற்றினால் ஆறு மாதம் ஓடும். காரணம் போகாது.

அறிகுறி: கியர் மாற்றிய பிறகு நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்துகிறது

ஆசைப்பட்டு ஒரு படி கூடப் போய்விட்டீர்கள். பெரும்பாலும், "பிறகு 33 போடுவேன்" என்று இப்போதே அதற்கான கியரைப் போட்டுவிட்டு 29-இல் ஓட்டுபவர்களுக்கு வரும். என் ஜீப்பில் பழைய 704 மி.மீ. டயரோடு 5.38 இருந்தால் 80 கி.மீ.யில் 3,240 சுற்று. பழைய டீசலுக்கு அது ஓலம். கிருஷ்ணகிரி வரை போய் இறங்கினால் காது இரண்டு மணி நேரம் ரீங்காரமிடும். டயரை வாங்கிய பிறகு கியரை வாங்குங்கள், முன்பே அல்ல.

அறிகுறி: ஃபோர் வீல் போட்டால் வண்டி இறுகுகிறது, லீவர் திரும்ப வரமாட்டேன் என்கிறது

இதில்தான் நான் அதிக காலம் ஏமாந்தேன். பழைய ஜீப், ஜிப்ஸி, தார், ஜிம்னி எல்லாவற்றிலும் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படும். தார் ரோட்டில் திரும்பும்போது முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓடுவதால் இறுகுவது இயல்பு. ஆகவே "எல்லா வண்டியும் இப்படித்தான்" என்று எனக்குச் சமாதானம் சொன்னவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை.

சோதனை நேர்க்கோட்டில் செய்ய வேண்டும். உறுதியான மண் தரையில் ஃபோர் வீல் போட்டு, ஸ்டியரிங்கை அசைக்காமல் ஐம்பது மீட்டர் நேராக ஓட்டி, நிறுத்தி, லீவரை எடுத்துப் பாருங்கள். எளிதாக வந்தால் சரி. வராமல், கொஞ்சம் பின்னால் நகர்த்தியதும் 'டொக்' என்று விடுபட்டால், முன்னும் பின்னும் ஒரே கணக்கில் ஓடவில்லை. என் வண்டியில் வித்தியாசம் பத்து சதவீதம். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு மீட்டர் ஏதாவது ஒரு டயர் வழுக்கியே ஆக வேண்டும். சேற்றில் வழுக்கிவிடும், வெளியே தெரியாது. பாறையில் வழுக்க இடம் இல்லாவிட்டால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டான யூ.ஜே. கிராஸோ ஆக்ஸில் ஷாஃப்டோ ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பல்லோ, எது பலவீனமோ அது போகும்.

பல் கணக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தும் இறுகினால் டயரைப் பாருங்கள். பின்னால் புதுசு, முன்னால் தேய்ந்தது. அல்லது பஞ்சரானதும் மாட்டிய ஸ்டெப்னி இன்னும் பழைய அளவு. பெரிய டயர் வாங்கும்போது நான்கு வாங்கிவிட்டு ஐந்தாவதை மிச்சம் பிடிப்பது நம்மவர் வழக்கம். ஐந்தாக வாங்குங்கள்.

இரண்டு ஆக்ஸிலின் எண்ணும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு பக்கம் 41-க்கு 10, மறுபக்கம் 37-க்கு 9 என்றால் 4.10-உம் 4.11-உம்; அது ஓடும். 4.88-உம் 5.38-உம் ஓடாது. ஆக, எனக்கு ஒரு லாபமும் இருந்தது: 31 அங்குலத்துக்குத் தேவையான 5.38 முன்னால் ஏற்கெனவே இருந்தது. பின் ஆக்ஸிலுக்கு மட்டும் வாங்கினால் போதும். முன்பு வைத்திருந்தவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த நான் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

அறிகுறி: 50, 60 கி.மீ. வேகத்தில் ஊளை

இங்கிருந்து பொருத்தக் கோளாறு. ஆனால் முதலில் டயரைச் சந்தேகியுங்கள். மட் டெரைன் டயர் முதல் நாளிலிருந்தே முனகும். அதைக் கேட்டுப் பயந்து ஆக்ஸிலைத் திறந்தவர்களை எனக்குத் தெரியும். தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் ரோட்டுக்குப் போகும்போது சத்தத்தின் குரல் மாறினால் அது டயர். ரோடு மாறியும் குரல் மாறாமல், கால் வைப்பதற்கும் எடுப்பதற்கும் மாறினால் ஆக்ஸில்.

ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஊளை, காலை எடுத்தால் அமைதி என்றால், முன்னோக்கி இழுக்கும் பக்கப் பற்களின் தொடுகை தப்பு. எடுக்கும்போது மட்டும் ஊளை என்றால் மறுபக்கம். இரண்டிலும் ஒரே மாதிரி உறுமல் என்றால் பினியன் பேரிங்.

திறந்து பார்ப்பதற்கு ஒரு வழிதான் உண்டு: சாயம். கிரவுனின் நாலைந்து பல்லில் எண்ணெயில் குழைத்த செந்தூர நிறச் சாயத்தைத் தடவி, கிரவுனைக் கையால் பிடித்துக் கொஞ்சம் தடுத்தபடியே முன்னும் பின்னும் சுற்றினால் பினியன் தொட்ட இடம் மட்டும் பளிச்சென்று துடைத்துவிடும். அண்ணன் அதை டார்ச் அடித்து எனக்குக் காட்டினார். நகத்தின் அளவுக்கு ஒரு நீள்வட்டம். அது பல்லின் உயரத்தில் நடுவில் இருக்க வேண்டும். பல்லின் அடி ஓரமாக இறங்கியிருந்தால் பினியன் கிரவுனுக்கு அதிகம் நெருங்கி இருக்கிறது. நுனி ஓரமாக ஏறியிருந்தால் தள்ளி இருக்கிறது. இதைச் சரிசெய்வது பினியனுக்குப் பின்னால் வைக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடு. பல்லின் நீளத்தில், அதாவது கிரவுனின் மையத்துக்கு அருகிலோ வெளி விளிம்புக்கு அருகிலோ ஒதுங்கியிருந்தால் கிரவுனைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும், அதில் மாறுவது பேக்லாஷ், அதாவது பற்களுக்கு இடையே உள்ள ஆட்டம். இந்த அளவு ஆக்ஸில்களில் அது 0.15-இலிருந்து 0.25 மி.மீ. வரை. டயல் கேஜ் வைத்துத்தான் அளக்க முடியும். "கையாலே ஆட்டிப் பாத்தே சொல்லிடுவேன்" என்று எந்த மெக்கானிக் சொன்னாலும், கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எங்கள் முதல் சாயத் தடம் பல்லின் நுனியில் விழுந்தது. ஷிம் மாற்றி, பேரிங்கை இறக்கி ஏற்றி, மறுபடி சாயம். நான்காவது முறையில்தான் நடுவுக்கு வந்தது. மாலை ஆறு மணிக்கு முடியும் என்று சொன்ன வேலை மறுநாள் மதியம் முடிந்தது, அவர் அலுத்துக்கொள்ளவே இல்லை. இந்த வேலைக்கு ஆள் தேடும்போது கூலியைக் கேட்காதீர்கள். எத்தனை முறை கழற்றிப் பூட்டுவார் என்று கேளுங்கள்.

கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தேய்த்துத் தயாரிக்கப்படுகின்றன. இரண்டின் மேலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். குஜரியில் ஒரு கிரவுனும் வேறொரு பினியனும் கிடைத்து, பல் எண்ணிக்கையும் ஒத்துப்போனால்கூட அவை ஜோடி ஆகாது. எப்படிப் பூட்டினாலும் ஊளையிடும். டானா 44 வகை ஆக்ஸில்களில் இன்னொரு கண்ணியும் உண்டு: 3.73-உம் அதற்குக் கீழும் ஒரு கேரியர் (கிரவுனைத் தாங்கும் கூடு), 3.92-உம் அதற்கு மேலும் வேறு கேரியர். அந்தக் கோட்டைத் தாண்டுகிறவர் கேரியரையும் சேர்த்து வாங்க வேண்டும். 4.88-இலிருந்து 5.38-க்குப் போன எனக்கு அது தேவைப்படவில்லை.

அறிகுறி: ஹவுசிங் சுடுகிறது, பினியன் சீலில் எண்ணெய்

புதிதாகப் பூட்டியதும் கொஞ்சம் சூடு இயல்பு. முதல் நாள் இருபது நிமிடம் மெதுவாக ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி இருபது நிமிடம். முதல் 800 கி.மீ. பாரம் ஏற்றாமல், எதையும் கட்டி இழுக்காமல் ஓட்டிவிட்டு எண்ணெயை மாற்றுங்கள். ஜிஎல்-5 தரம், 80டபிள்யூ-90. கியர்பாக்ஸுக்கு வைத்திருக்கும் மிச்ச ஆயிலை இதில் ஊற்றக் கூடாது; பினியன் பல் கிரவுனின் மேல் உராய்ந்து வழுக்கியபடி ஓடுவதால் இதற்கு ஜிஎல்-5 தாங்குதிறன் கட்டாயம்.

மெதுவாக அரை மணி ஓட்டிய பிறகு, பினியன் பக்கம் உள்ளங்கையை ஒரு நொடிகூட வைக்க முடியாமல், கிரவுன் பக்கம் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், பினியன் பேரிங் இறுக்கம் அதிகம். ஓட்டுவதை நிறுத்துங்கள். நசுங்கும் புஷ் வைத்து இறுக்கம் தரும் ஆக்ஸில் என்றால், ஒருமுறை அதிகம் நசுங்கியதைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, புதுசுதான் போட வேண்டும். ஹவுசிங் மூச்சுவிடும் சின்னக் குழாய் சேறு அடைத்துக்கொண்டாலும் சீலில் எண்ணெய் கசியும். சீலை மாற்றுவதற்கு முன் அதை ஊதிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

அறிகுறி: ஸ்பீடோமீட்டர் பொய் சொல்கிறது

பழைய கேபிள் வண்டியில் வேகம் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து எடுக்கப்படுகிறது. 31 அங்குலம் போட்டு 4.88-லேயே ஓட்டியபோது முள் 80 காட்டினால் உண்மையில் 89-க்கு மேல். 5.38 போட்டதும் வித்தியாசம் ஒன்றிரண்டு கி.மீ.யாகச் சுருங்கிவிட்டது. ஏபிஎஸ் உணரியிலிருந்து வேகத்தை எடுக்கும் புதிய வண்டிகளில் ஆக்ஸில் பல் மாற்றுவதால் முள் திருந்தாது. அங்கே டயர் அளவு மட்டும்தான் பேசும். அதோடு, கியர்பாக்ஸ் சுற்றும் வேகமும் சக்கரம் சுற்றும் வேகமும் கணினிக்குத் தெரிந்த கணக்கில் ஒத்துப்போகாமல் விளக்குகள் எரியத் தொடங்கலாம். கணினியில் புது எண்ணைப் பதிய வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அந்த வண்டிகளில் பல்லைத் தொட வேண்டும்.

சட்டம் பற்றியும் ஒரு வரி. பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பல் யார் கண்ணுக்கும் படாது, மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயர் எல்லார் கண்ணுக்கும் படும். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

அறிகுறி: 70-க்கு மேல் அதிர்வு

ஸ்டியரிங் மெதுவாக ஆடினால் சக்கரம், பேலன்ஸ் பாருங்கள். சீட்டிலும் தரையிலும் பொடிப்பொடியாக நடுக்கம் என்றால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். 5.38 போட்ட பிறகு அதே வேகத்துக்கு ஷாஃப்ட் பத்து சதவீதம் வேகமாகச் சுற்றுகிறது. முன்பு பொறுத்துக்கொண்டிருந்த தேய்ந்த கிராஸ் இப்போது காட்டிக்கொடுக்கிறது. புது கியரைக் குறை சொல்லாதீர்கள்.

அறிகுறி: ரோட்டில் நன்றாக ஓடுகிறது, காட்டில் மட்டும் திணறல்

அப்படியானால் ஆக்ஸிலைத் தொட வேண்டாம் என்பேன். பாறையில் ஊர்வதற்குத் தேவையான எண் மூன்றின் பெருக்கல்: முதல் கியர், ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ, ஆக்ஸில். முதல் கியர் 4, லோ 2.46, ஆக்ஸில் 4.88 என்றால் 48. பெரிய டயரால் அது 43 போல ஆகும். ஆக்ஸிலில் 5.38 போட்டால் 47-க்குத் திரும்பும், அதற்கு இரண்டு ஹவுசிங்கைத் திறக்க வேண்டும். லோவை மட்டும் 3-க்குக் கொண்டுபோனால், ஒரே பெட்டியைத் திறந்து 52 கிடைக்கும், ரோட்டில் ஓட்டமும் கெடாது. சுஸுகி சாமுராய் குடும்பத்து வண்டிகளுக்கு உலகம் முழுக்க இந்த வழியைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். ரோட்டிலும் இழுக்கவில்லை, காட்டிலும் இழுக்கவில்லை என்பவருக்குத்தான் ஆக்ஸில்.

அறிகுறி: 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் வண்டி நகரவில்லை

எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் அடியில் பார்க்க, இன்னொருவர் கியரைப் போட்டு கிளட்சை லேசாக விடட்டும். அடியில் பார்ப்பவர் தள்ளி நின்று, குனிந்து மட்டும் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் சுற்றிச் சக்கரம் சுற்றவில்லை என்றால் ஆக்ஸில் ஷாஃப்ட் அல்லது பினியன் பல். 43-க்கு 8 ஜோடியில் பினியன் தலை 39-க்கு 8-ஐ விடச் சின்னது. பெரிய, கனமான டயர் குழியில் குதித்து விழும்போது வரும் அடியை அந்தச் சின்னத் தலைதான் வாங்குகிறது. இந்த ஆக்ஸிலில் 31-க்கு மேல் நான் போக மாட்டேன் என்பதற்குக் காரணம் இது. 33 வேண்டுமென்றால் பல் இருக்கிறது, பலம் இல்லை.

முழுக்க உடைவதற்கு முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி: எண்ணெய் மாற்றும்போது வடிகால் பிளக்கின் நுனியில் உள்ள காந்தத்தைத் துணியால் துடைக்காமல் விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பசை மாதிரி வழுவழுப்பாக இருந்தால், புது கியர் தேயும் தூள், பரவாயில்லை. விரலில் ஏதாவது குத்தினால், எண்ணெய் ஊற்றாமல் மூடியைக் கழற்றுங்கள்.